கக்கூஸ் மேடம்

மனைவியின் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து அவள் முகத்தில் மாட்டிவிட்டார் பல் டாக்டர்.

"இனிமே அது எதுக்கு மாப்ள?" என்றார் மைத்துனர், சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றபடி.

"இது இல்லாம உங்க தங்கச்சிக்கு எதிர்ல இருக்கறது ஆளா பீரோவான்னே தெரியாது மச்சான். இத்தன பேர் வந்திருக்காங்க."

இத்தனை பேரை அவர் எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது மாடி வீட்டின் கூடம் நிறைந்து, வரிசை படிக்கட்டில் இறங்கி நின்றது. முப்பது வருடம் படக் கம்பெனியில் தயாரிப்பு நிர்வாகியாக இருந்தவள். முதலாளிகள் காரில் வருவார்கள், பூ வைப்பார்கள், போவார்கள் என்றுதான் எண்ணியிருந்தார். வந்தவர்களோ வேறு. கண் தெரியாத ஒலிப்பதிவாளர் ஒருவர். அகதி முகாமில் பிறந்து வசனம் எழுத வந்த பெண். தெரு கூட்டியவரின் மகள், இப்போது கேமரா பிடிக்கிறாள். எல்லோரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னார்கள். "மேடம் இல்லன்னா நான் இல்ல சார்." முதலில் வந்த நாலு பேர் சொன்னபோது ஒப்புக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தார். போகப் போக அவர்தான் அவர்கள் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

அடுத்து வந்தவளை, செட்டில் லைட் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். விளக்கு தூக்கித் தூக்கி அகன்ற தோள். அவள் அழவில்லை, கதை சொன்னாள்.

"வேலைக்கு வந்த மொத நாள் சார். லைட்ல நான் ஒருத்திதான் பொம்பள. ஒதுங்க இடமில்ல. அதுக்கு பயந்துக்கிட்டு தண்ணியே குடிக்காம நின்னேன். மேடம் பாத்துட்டாங்க. ஷூட்டிங்கையே நிறுத்திட்டாங்க! ஹீரோ மேக்கப்போட உக்காந்திருக்காரு, முதலாளி போன்ல காட்டுக் கத்தல் கத்துறாரு. 'மொதல்ல கக்கூஸ், அப்புறம் க்ளோசப்'னுட்டாங்க."

கூடத்தில் சிரிப்பு வெடித்து, சட்டென்று அடங்கியது. தொழிலில் அன்றிலிருந்து டாக்டரின் மனைவி கக்கூஸ் மேடம். கேலிக்கு வைத்த பெயர்தான். அவளோ வீட்டுக்கு வந்து, "எனக்குப் பட்டம் குடுத்திருக்காங்கய்யா!" என்று பீற்றிக்கொண்டாள்.

பல் டாக்டரும் சிரித்துவிட்டார். பிறகு வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"எடிட்டரம்மா வரலியா?"

லைட் அக்கா தயங்கினாள். "காலையிலேயே வந்துட்டாங்க சார். கீழ, உங்க கிளினிக் வாசல்ல இருக்காங்க. சொல்ல வேணாம்னாங்க."

"தூக்கிட்டு வந்திருக்கலாமே?"

"அவங்களத் தூக்குனா அவங்களுக்குப் பிடிக்காது சார். மேடமுக்கு அது தெரியும்."

எடிட்டரம்மாவுக்குச் சக்கர நாற்காலி. அவருக்காகச் சண்டை போட்டு ஸ்டூடியோ முழுக்கச் சாய்தளம் கட்டவைத்தவள் டாக்டரின் மனைவி. பதினெட்டு வருடச் சிநேகிதி ஒருநாள்கூட இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. லிஃப்ட் கிடையாது. கீழ்வீடாகப் பார்ப்போம் என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள். கிளினிக்குக்கு மேலேயே வீடு, இந்த வசதி எங்கே கிடைக்கும் என்று மழுப்பியவர் இவர்தான். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பல் டாக்டரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வண்டி வந்தாச்சு மாப்ள. நாலரைக்கு மயானத்துல இருக்கணும். ஏத்தும்போது அந்தம்மா ஓரமா ஒரு பார்வை பாத்துக்கட்டும்."

"ஓரமா பாக்க அவங்க என்ன வழிப்போக்கரா? கீழ இறக்கி வைக்கணும் மச்சான். அவங்க பாத்த பிறகுதான் வண்டி."

லைட் அக்காவும் ஏழு பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். "திருப்பம் வருது! கால் பக்கம் தூக்கு! செவுரு, செவுரு!" என்று கனத்த சாமான் இறக்குகிற அதே குரலில் ஒவ்வொரு மாடியாக இறங்கினார்கள்.

தெருவில் எங்கே வைப்பது? தரையில் வைத்தால் நாற்காலியிலிருந்து எட்டிக் குனிய வேண்டும். லைட் அக்கா ஒரு விசில் கொடுத்தாள். யூனிட் வேனிலிருந்து ஆப்பிள் பாக்ஸ்கள் வந்தன. குள்ளமான நடிகர்களை ஏற்றி நிறுத்துகிற மரப்பெட்டிகள். நாற்காலியின் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்து உயரம் பார்த்தாள்.

"இன்னொரு வரிசை போடுங்கப்பா. அவங்க பார்வைக்கு நேரா வரட்டும்."

எடிட்டரம்மா சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மேல ஏறி வர முடியல டாக்டர். மன்னிச்சுக்குங்க."

"ஐயோ, நான் கேக்க வேண்டிய மன்னிப்புங்க அது. வீடு மாத்தாதது நான்தான்."

"தெரியும். ஆனா ஒரு நாளும் உங்கள விட்டுக்குடுத்துப் பேசுனதில்ல அவங்க. 'எங்க வீட்ல லிஃப்ட்தான் இல்ல, மனுஷன் தங்கம்'னுவாங்க."

பல் டாக்டர் மனைவியின் மூக்குக்கண்ணாடியை நேராக்கினார். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மைத்துனர் நெருங்கி வந்து கடிகாரத்தைக் காட்டினார்.

"மாப்ள, நேரமாச்சு."

"எப்ப கட் பண்ணணும்னு எடிட்டரம்மா சொல்லட்டும் மச்சான்."

வண்டி ஓட்டுநர் டாக்டரையும் மைத்துனரையும் பார்த்தார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, நிழலில் போய் நின்றார்.