குட்டி நிழல்

என் வீட்டுக்காரர் தேவநேசன், புனே கேம்ப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். வேலையைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டு வரத் தெரியாத மனிதர். வகுப்பில் ஒரு வார்த்தையை நேராகச் சொல்லமாட்டார். அது எங்கே பிறந்தது, எந்த ஊர் வழியாக வந்தது என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் வாயிலிருந்து வார்த்தை வரும்வரை காத்திருப்பார். வீட்டில் நான்தான் வகுப்பு.

"லத்தீன்ல அம்ப்ரான்னா நிழல். இத்தாலிக்காரன் அதைச் செல்லமா குட்டி நிழல்னு கூப்பிட்டான். வெயிலுக்குப் பொறந்து, இங்கிலாந்துல மழைக்கு வாக்கப்பட்டது. அது என்னது, ஃப்ளோரா?"

"அம்ப்ரெல்லா" என்று நான் சொன்னால்தான் வாசலைத் தாண்டுவார். கல்யாணமான புதிதில் ரசித்தேன். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். எனக்கு முன்கோபம் உண்டு. அதை மறைக்க ஒன்றுமில்லை.

போன குளிர்காலத்தில் இந்த விளையாட்டு அளவுக்கு மீறியது. உப்பு, சீப்பு, துண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு கதை. சாவி கேட்பதற்குக்கூட ரோமாபுரி வரை போய்வந்தார். பாணேரில் இருக்கும் மகள் அமலா போன் செய்தபோது, "உங்கப்பாவுக்கு வயசாக வயசாகத் தலைக்கனம் கூடுது" என்றேன்.

"விடுங்கம்மா, அப்பாவுக்கு அது ஒரு சந்தோஷம்" என்று சிரித்தாள்.

ஜூலையில் ஒரு காலை, பாவ் ரொட்டி வாங்கக் கிளம்பினார். மழை பிடித்துக்கொண்டது. குடை என் கையில் இருந்தது.

"ஃப்ளோரா, அந்தக் குட்டி நிழல்."

"பேரைச் சொல்லுங்க, தாரேன்."

"நிழல். அம்ப்ரா. அதுலருந்து வந்தது."

"கதையெல்லாம் வேண்டாம். நாப்பது வருசமா நான்தான சொல்லுதேன். இன்னைக்கு நீங்க சொல்லுங்க."

அவர் உதடு அசைந்தது. எங்கள் வீட்டில் அதற்கு மூன்று பெயர் புழங்கும்: குடை, சத்ரி, அம்ப்ரெல்லா. மூன்றில் ஒன்றைச் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன். பதில் தெரியாத பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நடிக்கிறார் என்று நினைத்தேன். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு, குடையோடு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது வாசல் திறந்து கிடந்தது.

வீட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி, கோந்த்வாவில் ஒரு பூட்டிய கடை வாசலில் தொப்பலாக நனைந்து நின்றவரை, மத்தியானம் ஒரு ரிக்‌ஷாக்காரர் கூட்டிவந்து விட்டார். சட்டைப் பையில் இருந்த அட்டையில் விலாசம் பார்த்தாராம்.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். வார்த்தைகள் போக ஆரம்பித்து ஏழெட்டு மாதமாவது ஆகியிருக்கும், வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று இந்தியில் கேட்டார். அமலா என்னைப் பார்த்தாள்.

கவனித்தேன். தினமும் கவனித்து, தினமும் எரிந்து விழுந்தேன். பெயர் வராத பொருளையெல்லாம் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சுற்றிவந்து அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். எனக்கு அது தலைக்கனமாகத் தெரிந்திருக்கிறது. முன்பே வந்திருந்தால் கொஞ்ச நாளாவது தள்ளிப்போட்டிருக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்ச நாளை நான்தான் தின்றுவிட்டேன்.

இப்போது அவர் கதையும் சொல்வதில்லை. காலையில் காபி கொடுத்துவிட்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிரே நான் உட்காருகிறேன். ஒருநாள் அந்த ஒரு வார்த்தையாவது வந்துவிடாதா என்று எனக்கு ஆசை.

"லத்தீன்ல அம்ப்ரான்னா நிழல். இத்தாலிக்காரன் குட்டி நிழல்னு கூப்பிட்டான். வெயிலுக்குப் பொறந்து, மழைக்கு வாக்கப்பட்டது. அது என்னது, சொல்லுங்க."

நேற்று அவர் முகம் மலர்ந்தது. கையை நீட்டிக் குடையின் பிடியைத் தொட்டார்.

"ரொம்ப நல்லா சொல்லிக் குடுக்கீங்க, டீச்சர்" என்றார். "நீங்க எந்த ஸ்கூல்ல வேலை பாக்கீங்க?"

அவருடைய பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன்.

"நல்ல ஸ்கூல்" என்றார்.