கிரவுண்டுல நின்ன கடல்

சதுரங்கப்பட்டினத்துல ஹாக்கி கிரவுண்டுக்குள்ள மட்டும் கடல் வந்து நின்னுச்சு. கணுக்கால் அளவு. பக்கத்துல நெத்திலி காயப்போட்டிருந்தாங்க, அதுல ஒண்ணுகூட நனையல. ஆபீசருங்க வந்து போட்டோ புடிச்சுகினு போனாங்க. அந்த வாரம் வஞ்சிரம் வெல ஏறிப்போச்சு, ஜனங்க அந்த வெலயப்பத்திதான் பேசிகினு இருந்தாங்க. கோச்சு உலகநாதன் பேன்ட்ட மடிச்சுவுட்டுகினு தண்ணில எறங்கி, டீமு பொண்ணுங்கள ஓடச் சொன்னாரு. படூர் பக்கம் ஒரு காலேஜு, எங்க டர்ஃப்ல வந்து ஆடுங்கன்னு கூப்ட்டுச்சு. "வந்தது கடலு. அது போவட்டும். நாம இன்னாத்துக்குப் போவணும்?"னு சொல்லிட்டாரு.

சென்டர் ஹாஃப் ஆடுற விஜயகுமாரிக்குத்தான் பேஜாரு. ஸ்டேட் டீம்ல பேரு வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டால வேல. வரலன்னா சிறுசேரில ஒரு கம்பெனி கேண்டீன்ல தட்டு கழுவணும், அவ அம்மா லதா கூடவே நின்னு. வயசு தாண்டப்போவுது, இதான் கடைசி செலெக்‌ஷன். "சார், ஒரு மாசம் மட்டும் டர்ஃப்ல ஆடிட்டு வந்துர்றோம் சார்"னு கேட்டா. "ஒரு மாசம் போறவ ஒரேடியா போவா. போ, ரவுண்டு ஓடு"ன்னாரு. கூட ஆடுற ஜெயப்பிரியா, "கோல் அடிக்கிலனாலும் பரவால்லடி, கொழம்புக்கு நண்டாச்சும் மாட்டுதா பாரு"ன்னா. சிரிச்சுகினே ஓடுனாங்க.

தண்ணில பந்து உருளாது. அதனால மட்டையால கெண்டித் தூக்கி, ஆளுக்கு மேல வீசக் கத்துக்கினாங்க. அதுல அவங்கள அடிச்சுக்க ஆளே கெடையாது. செங்கல்பட்டுல செலெக்‌ஷன் மேட்ச்சு, காஞ்ச டர்ஃபு. தண்ணில ஓடுன பழக்கத்துல இவங்க முட்டிய ஒசரத் தூக்கித் தூக்கி ஓடுனாங்க, எதிர் டீமு பொண்ணுங்க வாயப் பொத்திகினு சிரிச்சாங்க. பந்து கெடச்சதும் கை தானா கெண்டித் தூக்கிச்சு. ஆள் மேல படும், டேஞ்சருன்னு அம்பயரு ஃபவுல் குடுத்தாரு. தரையோட தள்ளணும்னு விஜயகுமாரிக்குத் தெரியும். கைக்குத் தெரியல. திரும்பத் திரும்ப ஃபவுலு, கடைசில அவள வெளிய அனுப்பிட்டாங்க. லிஸ்ட்டுல ஒருத்தி பேரும் வரல. பஸ்ல யாரும் அழுவல. உலகநாதன் திரும்பிப் பாத்து, "பாத்தியா, ஒருத்தியாச்சும் ஒடஞ்சாளா?"ன்னாரு. சந்தோசமாத்தான் கேட்டாரு. விஜயகுமாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கினா.

இனிமே போறதில்லன்னு மட்டையக் கட்டிலுக்கடில தள்ளிட்டுப் படுத்தா. விடியக்காலைல பாத்தா தண்ணில நிக்கிறா, கைல மட்ட. நடந்து வந்தது ஞாபகமே இல்ல. பக்கத்துல ஜெயப்பிரியா. "நீயுமாடி?"ன்னா இவ. "காலு கேக்க மாட்டேங்குதுடி"ன்னா அவ. டீமு மொத்தமும் அப்டியே வந்து நின்னுச்சு.

அப்பறம் வருசா வருசம் தண்ணி ஏறிச்சு. உலகநாதன் குள்ளம், அவருக்குத்தான் மொதல்ல தலைக்கு மேல போச்சு. கரைக்கு வான்னு ஊரே கூப்ட்டுச்சு, வரல. உள்ளதான் கீறாரு. விசில் ஊதுனா சத்தம் வராது, குமிழிதான் மேல வரும், பொண்ணுங்க அதப் பாத்து ஓடுவாங்க. ஜெயப்பிரியா கல்யாணமாயி திருப்போரூர் போனா, அங்கேந்தும் விடியறதுக்குள்ள வந்துர்றா. விஜயகுமாரிக்குக் கழுத்தளவு தண்ணி. ஓடி முடிச்சுட்டு, ஈரத்தோடவே ரோட்டுக்கு வந்து, கேண்டீன் வேலைக்குப் போவ சிறுசேரி வேனுக்கு நிப்பா. டிரைவர் நரசிம்மன் அவ சீட்டுல ஒரு கோணிய விரிச்சு வெச்சிருப்பாரு.