நூற்று எண்பத்தேழாம் பக்கத்திலிருந்து வந்த கைதி

புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ‘முள் நகரும் ஊர்’ என்ற நாவலின் நூற்று எண்பத்தேழாம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து எங்கள் சிறையில் அறை கேட்டாள்.

எங்களுடையது பழைய வட்டச் சிறை. நடுவில் ஒரு கோபுரம், அதைச் சுற்றி வட்டமாக இருநூற்றுப் பன்னிரண்டு அறைகள். கடைசிக் கைதி விடுதலையாகி நாற்பத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் கோபுரத்திலிருந்து பார்க்கும் வேலையை யாரும் ரத்து செய்யவில்லை. பதினொரு ஆண்டுகளாக அந்த வேலையில் நான் இருக்கிறேன். பத்திலிருந்து ஐந்து வரை வெற்று அறைகளைப் பார்ப்பேன். இரண்டு முறை அணில் வந்திருக்கிறது. இரண்டு முறையும் பதிவேட்டில் எழுதினேன்.

அதனால் வாயிலில் ஓர் ஆளைக் கண்டதும் கோபுரத்திலிருந்து இறங்கி வந்தேன். பூட்டைத் திறக்க மூன்று சாவிகளை மாற்றிப் போட்டேன்.

“பேரு?”

“கோகிலவாணி. தபால் பிரிக்கிற வேலை. நாலு மணிக்கு என்னைப் பிடிக்க வருவாங்க சார்.”

“என்ன பண்ணீங்க?”

“எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு கடிகாரம். கடிகாரத்துக்குள்ள கண்ணு. அது மேல ஒரு துண்டைப் போட்டுட்டேன். கொஞ்ச நேரம் பாடணும்னு இருந்துச்சு.” பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “இங்க எத்தனை பேர் பாப்பாங்க?”

“நான் ஒருத்தன்தான்.”

“ஒருத்தர்தானா!” என்று அவள் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது.

கண்காணிப்பாளர் மங்களேஸ்வரி அம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் சிறை விதிகளைப் புரட்டினார். ஓரிடத்தின் கைதியை இன்னோரிடம் ஏற்கலாம், இரண்டும் நிகரான இடங்களாக இருந்தால். ஒரு வித்தியாசம் இருந்தாலும் ஏற்கக் கூடாது.

“அருளப்பன், அந்த நாவல் நம்ம ஊர் நூலகத்துல இருக்குமா?”

நான் ஓடினேன். சீருடையில் ஓடியது அதுதான் முதல் தடவை. தொப்பி விழுந்தது, எடுக்கவில்லை. நூலகர் அட்டையில் முத்திரை குத்தி முடிக்கும்வரை நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்குச் சிறையையும் நாவலையும் ஒப்பிட உட்கார்ந்தோம். நாவலில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். “அறையும் அதேதான்!” என்று மங்களேஸ்வரி அம்மா மேசையைத் தட்டினார். எங்கள் கோபுரத்துச் சன்னல்களில் மரப்பட்டிகள் சாய்வாக அடித்திருக்கும். மேலே ஆள் இருக்கிறானா இல்லையா என்று கீழிருந்து தெரியாது. நாவலிலும் எந்தக் கடிகாரத்துக்குள் கண் இருக்கிறது, எதற்குள் இல்லை என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் நீலப் பென்சிலால் குறித்தோம்.

“கண்ணு இல்லாத கடிகாரத்துக்கு முன்னாடியும் ஜனங்க ஒழுங்காத்தான் இருக்காங்களா?”

“ஆமாம்மா” என்றாள் கோகிலவாணி. “எங்க மாமா அதுக்கு முன்னாடி தினமும் தலை சீவிக்கிட்டு நிப்பாரு. பன்னெண்டாம் பக்கத்துல இருக்கு. அப்புறம் அது உடைஞ்சப்ப பாத்தா உள்ள வெறும் பஞ்சுதான்.”

“நம்மகிட்ட அப்படி ஏதாவது நடந்திருக்கா?”

நான் பழைய பதிவேடுகளைக் கீழே இறக்கினேன். ஒன்றரை மணிக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு முன்னால், பல காலத்துக்கு முன்னால், கோபுரக் காவலர் ஒருவர் அம்மை போட்டுப் பத்தொன்பது நாள் வரவில்லை. மாற்று ஆளும் இல்லை. அந்தப் பத்தொன்பது நாளும் ஒரு கைதிகூடச் சத்தமாகத் தும்மவில்லை.

“ரெண்டும் ஒண்ணுதான்!” என்றார் மங்களேஸ்வரி அம்மா. மூவரும் எழுந்து நின்று கைகுலுக்கிக்கொண்டோம். மதியச் சாப்பாடு மறந்துபோனது.

மூன்றேகாலுக்கு ஒரு வித்தியாசம் அகப்பட்டது. நாவலில் பார்க்கிறவர்களுக்குப் பெயர் கிடையாது. எங்கள் வருகைப் பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது, பதினொரு ஆண்டுகளாக, தினமும்.

மங்களேஸ்வரி அம்மா என்னைப் பார்த்தார். “பேரு உங்களுக்கு ரொம்ப அவசியமா?”

“வீட்ல கூப்பிடுவாங்கம்மா.”

“வீட்ல வச்சுக்குங்க. இங்க வேணாம்.”

ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பக்கமாக என் பெயரை அடித்தார். கடைசிப் பக்கம் வந்தபோது உடம்பு லேசாகிவிட்டது. கோபுரத்தின் எண்பது படிகளை ஒரே மூச்சில் ஏறினேன்.

நான்கு மணிக்கு இரண்டு ஆண்கள் வந்தார்கள். தேய்த்த சட்டை, இரண்டு கைகளிலும் கடிகாரம். முற்றத்தில் நின்றே நாங்கள் நிரப்பிய ஒப்பீட்டுப் படிவத்தை வாசித்தார்கள். இருவரில் பெரியவர் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார்.

“மேலே யார்?”

“தெரியாது” என்றார் மங்களேஸ்வரி அம்மா. நன்றாகச் சொன்னார்.

“எங்கள் கடிகாரங்கள் கூப்பிட்டால் பதில் சொல்லாது. இங்கே எப்படி?” என்று அவர் கோகிலவாணியின் பக்கம் திரும்பினார். “கூப்பிடு.”

அவள் நூற்று எண்பத்தேழாம் அறையின் வாசலில் நின்றாள். “சார்! இருக்கீங்களா?”

அந்த அறைகளிலிருந்து ஒரு குரல் என்னைக் கூப்பிட வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். மரப்பட்டியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டேன்.

“சார்! நிஜமாவே இருக்கீங்களா?” இரண்டாம் முறை அவள் குரல் உடைந்தது. நான் போய்விட்டதாகவே நினைத்துவிட்டாள் போல. நாக்கைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது.

பெரியவர் ஒரு கடிகாரத்தில் ஒரு நிமிடமும், மறு கடிகாரத்தில் ஒரு நிமிடமும் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். “நிகர்” என்றார்.

மங்களேஸ்வரி அம்மா நாவலை அவர்களிடம் கொடுத்து, போகிற வழியில் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் அவர்கள் வேகமாக நடந்தார்கள்.

வெளிக்கதவு சாத்திய சத்தம் கேட்டதும் மரப்பட்டிகளை எல்லாம் மேலே தள்ளினேன். பலகை ஒன்று கையோடு வந்துவிட்டது. தலையையும் தோளையும் வெளியே நீட்டி, இரண்டு கைகளையும் ஆட்டினேன்.

“இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பையை மூலையில் வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். சுருதி சேரவில்லை. இரண்டாம் அடியில் வார்த்தையை மறந்து, முதல் அடிக்கே போனாள். கீழே மங்களேஸ்வரி அம்மா முற்றத்து நடுவில் நின்று தப்பாகத் தாளம் போட்டார். ஐந்து மணி தாண்டியும் நான் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை கடல் வந்தது. எங்கள் ஊரிலிருந்து அது அறுபது கிலோமீட்டர். நடந்தே வந்திருக்கிறது. வாயிலுக்கு வெளியே வரிசையில் நிற்பதுபோல் ஒடுங்கி நின்றது. கரைக்கு வருகிற எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள், ஒருவர் மட்டும் பார்க்கிற இடம் போதும் என்று மனுவில் எழுதியிருந்தது. காகிதம் நனைந்திருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது.

“எந்த அறை கொடுக்கலாம்?” என்று மங்களேஸ்வரி அம்மா கேட்டார்.

உப்பு பட்டால் இரும்புக் கதவு துருப்பிடிக்கும் என்றேன். மரக்கதவு போட்ட பதினான்காம் அறையைப் பெருக்கி, வழி விட்டு ஒதுங்கி நின்றோம்.