உள்ளே வைத்த பொட்டு

பழைய வண்டி பார்க்கப் போனால் நான் முதலில் வணக்கம் சொல்வதில்லை. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பேன். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், காலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். படூர் அடுக்ககத்தின் கீழே நின்ற அந்த வெள்ளை வண்டி ஜில்லென்று இருந்தது. அதன் பிறகுதான் அதன் சொந்தக்காரர் ஸ்ரீனிவாசராகவனுக்குக் கும்பிடு போட்டேன். பொத்தேரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

என்னை இழுத்து வந்தவன் கலையரசன், என் தங்கை அம்சாவின் புருஷன். பத்து வருஷமாக மாமல்லபுரம் ரிசார்ட்டுகளுக்கு அடுத்தவன் வண்டியை ஓட்டுகிறான். இப்போது கடப்பாக்கத்தில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு, ஆடம்பர எஸ்யூவி ஒன்றைச் சொந்தமாக வாங்கத் துடிக்கிறான். செங்கல்பட்டு பைபாஸில் இருபது வருஷமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கும் பூபாலன் மச்சான், அதாவது நான், ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவனுக்கு. அம்சாவும் வந்திருந்தாள், பையில் நான்கு எலுமிச்சம்பழத்தோடு. நான் சரி என்றதும் சக்கரத்துக்கு ஒன்று வைத்து ஏற்ற வேண்டுமாம். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே பழம் வாங்கி வந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

கோவளம் வரை ஓட்டிப் பார்த்தேன். கியர் வெண்ணெயாக விழுந்தது. திரும்பி வந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அந்தக் கடைசி ஒரு சாணில் சேறு காட்டிக் கொடுத்துவிடும். சுத்தமாக இருந்தது. சீட்டுக்கு அடியில் போல்ட்டுகளில் துரு இல்லை. எல்லாம் புதுசு. அதுதான் உறுத்தியது. ஏழு வருஷத்து வண்டியில் சீட் போல்ட் மட்டும் ஏன் புதுசு?

முன் சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்தேன். மூடியின் உள்பக்கம் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் மங்கிப்போன குங்குமம்.

டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

எந்த வண்டியின் உள்ளே கை வைத்தாலும், மூடுவதற்கு முன் ஒரு பொட்டு வைப்பது என் பழக்கம். ஆயுத பூஜைக்கு மட்டும்தான் மற்ற மெக்கானிக்குகள் வைப்பார்கள். நான் தினமும் வைப்பேன். செங்கல்பட்டில் வேறு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் வெள்ளம் வடிந்ததும், ஒரு தரகர் என் கடையில் வரிசையாக வண்டிகளை இறக்கினார். நம்பர் பிளேட் கிடையாது, பெரும்பாலும் வெள்ளை. ஸ்டியரிங் வரை தண்ணீர் ஏறிய வண்டிகள். பெல்ட்டை மாற்றினேன், போல்ட்டை மாற்றினேன். ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் பெட்டி ஊறிச் செத்திருந்தது. புதுசு போடக் கட்டாது என்றார் தரகர். பெட்டியைக் கழற்றிவிட்டு, எச்சரிக்கை விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்து அணைகிற மாதிரி ஒரு சின்ன சர்க்யூட்டை மாட்டினேன். இதோ, டார்ச் வெளிச்சத்தில் அது இருக்கிறது. அதை மாட்டிவிட்டு, கூசாமல் பொட்டும் வைத்திருக்கிறேன்.

மூடியைத் திரும்பப் போட்டேன்.

"இன்னா மச்சான், முடிச்சிடலாமா?" என்றான் கலையரசன்.

"வேணாம் மாப்ள. இஞ்சின் சத்தம் சரியில்ல."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே. பத்து வருசமா வண்டி ஓட்டிக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

"வேணாம்னா வுட்டுடு."

அவன் முகம் கறுத்தது. "நான் பெரிய வண்டி வாங்குறது உனக்குப் பொறுக்கல. அதான் மேட்டரு."

அம்சா அவனை அடக்கினாள், ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. வலித்தது. இருந்தாலும் பொறாமைக்காரன் என்ற பெயரோடு தப்பித்துவிடலாம் என்று ஒரு நிம்மதியும் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஸ்ரீனிவாசராகவன் நொந்துபோனார். "நானும் செகண்ட் ஹேண்ட்லதான் வாங்கினேன். நல்ல மெக்கானிக் அக்கு வேறா ஆணி வேறா பார்த்தாச்சுன்னு தரகர் சத்தியம் பண்ணார். இந்த ரெண்டு வருஷத்துல ஒரு நாள் நின்னதில்லையே. பரவாயில்லை, வேற யாராவது வருவா. அதுவரைக்கும் நாங்களே வச்சுக்கறோம்."

அப்போது அவர் மனைவி சாவித்ரி பேத்தியோடு இறங்கி வந்தார். ஆறு வயது அதிதி. ஓடி வந்து முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, தானே பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"சனிக்கிழமையானா மாமல்லபுரத்துல தலசயனப் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பிடுவோம்," என்று சாவித்ரி சிரித்தார். "இவளுக்கு முன் சீட்டுதான் வேணும். பின்னாடி உக்கார மாட்டா."

நூறு சனிக்கிழமை. ஈசிஆர் ரோட்டில் எண்பது, தொண்ணூறு வேகத்தில். அந்தக் குழந்தைக்கு முன்னால் டேஷ்போர்டில் ஏர்பேக் என்று எழுத்து மட்டும்தான் இருந்தது.

"பாப்பா, கீழ இறங்கு," என்றேன். குரல் தானாக உயர்ந்துவிட்டது. அதிதி பயந்து பாட்டியைப் பார்த்தாள்.

"சார், இந்த வண்டில ஏர்பேக் வேலை செய்யாது. வெள்ளத்துல முழுகுன வண்டி. யாருக்கும் விக்காதீங்க. நீங்களும் ஓட்டாதீங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மூடியைத் திரும்பக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு அந்தப் பொட்டு ஒன்றும் சொல்லவில்லை. அம்சா எட்டிப் பார்த்தாள். என் கடையில் பூஜைத் தட்டுக்குச் சந்தனம் அரைத்துத் தருபவளே அவள்தான்.

"அண்ணே," என்றாள்.

"நான்தான் சார் பண்ணேன்," என்றேன்.

சாவித்ரி குழந்தையைத் தூக்கி இறக்கி, என்னிடமிருந்து இரண்டு அடி தள்ளி நிறுத்திக்கொண்டார். ஸ்ரீனிவாசராகவன் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். மூடியைச் சீட்டின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, தேர்வு அறையில் கேட்பது போலக் கேட்டார்:

"இந்த மாதிரி எத்தனை வண்டி?"

"பதினொண்ணு."

கலையரசன் என் தோளில் கை வைக்க வந்து, வைக்காமல் எடுத்துக்கொண்டான். அம்சா பையின் வாயை இறுக்கி முடிந்தாள். உள்ளே எலுமிச்சம்பழங்கள் அப்படியே இருந்தன.

"மீதி பத்து எங்க ஓடிக்கினு கீதுண்ணே?" என்றாள்.

எனக்குத் தெரியாது. கேட்டுக்கு வெளியே ஓஎம்ஆரில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன, பாதிக்கு மேல் வெள்ளை.