தையற்காரி வீட்டில் இறங்கிய பாஸ்

பல்செட் செய்கிறவர் தன் காரில் சப்வூஃபர் பெட்டி வைத்த அன்று, அதன் தும் தும் என்ற பாஸ் இரண்டு தெரு தள்ளியிருந்த தையற்காரியின் வீட்டுச் சுவரிலிருந்து வந்தது. அவள் மேஜையிலிருந்த கத்தரிக்கோல் நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. காருக்குள் கொசு பாடுவதுபோல ஒரு குரல் மட்டும் கேட்டது.

காய்ச்சலில் அவர் மனைவிக்குக் காது போயிருந்தது. முன்பெல்லாம் காரில் ஏறினால் வீடு திரும்பும்வரை பாட்டோடு கூடவே பாடிக்கொண்டு வருவாள். இப்போது சீட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டு ஓடுதா, நின்னுடுச்சா?" என்று கேட்பாள். அதிர்வாவது அவளுக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் அந்தப் பெட்டியை வாங்கினார்.

மெக்கானிக் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்தான். "காரோட வந்த கம்பெனி பாட்டு செட்டுண்ணே. சத்தம் ஏத்த ஏத்த பாஸை அதுவே அமுக்கிடும்."

"அமுக்குன பாஸ் எங்கப்பா போவுது?"

"அதான் ஊருக்கே தெரியுமே. தையக்கார அக்கா வீட்டுக்கு."

செட்டைக் கழற்றி எறியவும் வழியில்லை. ஏசியும் பின்பக்கக் கேமராவும் அதே திரைக்குள் இருந்தன. சத்தத்தைக் கூட்ட ஆம்ப் போட்டார். கதவுகளுக்குள் ரப்பர் ஒட்டினார். டிக்கியில் இன்னொரு சப்வூஃபர் ஏறியது. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்ததில் பாஸ் தையற்காரியின் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது, அவ்வளவுதான். ஒரு மழைக்காலம் முழுக்க இதிலேயே போயிற்று. எரிச்சலில் ஸ்டியரிங்கைக் குத்தினார். ஹார்ன் ஒழுங்காக அடித்தது.

ஒருநாள் அவர் காருக்குள் தலையை விட்டு ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது தையற்காரி சண்டைக்கு வந்தாள். வாசலில் நின்ற மனைவியிடம் மூச்சு வாங்கக் கத்தினாள். "என்னக்கா சொல்றீங்க? எனக்குக் கேக்காது" என்றாள் மனைவி. தையற்காரி வந்து பாரு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

போனவள் திரும்பவில்லை. பாட்டை ஓடவிட்டபடியே அவர் தேடிப் போனார். துணிக்குவியலுக்கு நடுவே மனைவி வெறுங்காலைத் தரையில் பதித்து உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். சுருதி எங்கேயோ போயிருந்தது. தாளம் ஓரிடத்திலும் தப்பவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் அவள், "இப்ப நின்னுடுச்சு" என்றாள்.

காரில் கடைசிவரை பாஸ் வரவில்லை; மெக்கானிக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவர் திட்டினார். விடுமுறை நாட்களில் கார் வாசலில் ஆளில்லாமல் பாடும், புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். தையற்காரி அந்தத் தாளத்துக்கே மிஷினை மிதிக்கப் பழகிக்கொண்டாள். அப்படித் தைத்த சட்டைகள் எல்லோருக்கும் சரியாகவே இருந்தன.