இரண்டு பக்கம் தள்ளி

இசக்கிமுத்து அந்தக் கம்ப்யூட்டரை ஒரு நாளும் அதன் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. ‘டப்பா’ என்பார். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகுக் கிடங்குகளுக்கு நடுவே, அவருடைய தகப்பனார் பாலையா தொடங்கிய அச்சகத்தில் அது வந்து உட்கார்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கொண்டுவந்தவன் மருமகன் செல்லதுரை. எர்ணாகுளத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். படகிலிருந்து இறங்கும்போதே உலகத்தைத் திருத்த வந்தவன் போல இறங்குவான்.

இடப்பள்ளியில் ஐஸ் பிளாண்ட் இயந்திரம் செய்கிற கம்பெனி ஒன்று நான்கு தொகுதிக் கையேடு கேட்டிருந்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் சொல்லடைவு வேண்டும். அம்மோனியா கசிந்தால் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது, எண்ணெய் குறைந்தால் எந்தப் பக்கம் என்று தொழிலாளி தேடிப் புரட்டுவதற்கு. முன்பெல்லாம் இசக்கிமுத்து ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு எழுதி அடுக்கி ஒன்றரை மாதத்தில் முடிப்பார். இப்போது டைப் அடிக்கும் கமலாக்ஷி வேண்டிய சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டாள். டப்பா அவற்றைப் பொறுக்கி, அகர வரிசையில் அடுக்கி, பக்க எண்ணும் போட்டு நாற்பது நிமிடத்தில் துப்பிவிட்டது.

“அதுக்கு அம்மோனியான்னா என்னன்னு தெரியுமா மாப்ள?” என்று கேட்டார் இசக்கிமுத்து.

“தெரிய வேண்டாம் மாமா. எந்தப் பக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சா போதும்.”

“மூக்கு இல்லாதவன் ஊதுபத்தி விக்கிற மாதிரி.”

அந்த அச்சகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய புத்தகமானாலும் முதல் தாள் பாலையாவுக்கு. முன்பக்கம் படம், பின்பக்கம் வரலாறு. அச்சகம் தொடங்கிய நாள் முதல் அதன் சொல்லடைவில் ஓர் எண்கூடத் தவறியதில்லை என்ற வரியும் அதில் இருக்கும். முகம் சுளித்த வாடிக்கையாளரிடம் இசக்கிமுத்து வேறு அச்சகம் பார்த்துக்கொள்ளச் சொல்வார். அந்தத் தாளுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணும் உண்டு. பெற்ற தகப்பனை எண்ணாமல் விட்டுவிட்டுப் புத்தகத்தைத் தொடங்குகிறவன் என்ன மகன்? டப்பா அடிக்கிற எண் கொசு மொய்த்த மாதிரி இருந்ததால், பக்க எண் இல்லாமலே அடித்துத் தரச் சொல்லி, ஈய எழுத்தில் எண் அடித்தெடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் தாமே ஒட்டினார்.

நூறு செட் தைத்து அட்டை போட்டாயிற்று. எடுத்துப்போக கம்பெனி இன்ஜினீயர் சிவராமகிருஷ்ணன் வர வேண்டிய காலையில், இசக்கிமுத்து முதல் தொகுதியை எடுத்துச் சொல்லடைவைத் திறந்தார். அம்மோனியா கசிவு, 41. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு எண்ணெய்த் தொட்டி நின்றது. கசிவு நாற்பத்து மூன்றில் இருந்தது.

புத்தகத்தில் இருப்பது அப்பாவின் பெயர். ஆனால் அடுத்த கணம் நெஞ்சு நிமிர்ந்தது. மூன்று மாதமாக அவர் காத்திருந்தது இதற்குத்தான்.

“மாப்ள, இங்க வாங்க. எல்லாரும் வாங்க. கசிவு எங்கன்னு உங்க டப்பாவ மோந்து பாக்கச் சொல்லுங்க.” பைண்டர்கள் கையில் பசையோடு சுற்றி நின்றார்கள். “அங்க ஒருத்தன் மூச்சுத் திணறிச் சாவான். இது அவனுக்கு எண்ணெய்த் தொட்டியக் காட்டும். இதப் படிக்கவா ஆறு மாசம்? எங்க வீட்டுப் பூனைகூட எட்டு நாள்ல கத்துக்கும்.”

செல்லதுரையின் காது சிவந்தது. கமலாக்ஷி நான்கு தொகுதியையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு சொல்லாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

“சாரே,” என்றாள் மெதுவாக. “எல்லாத்திலயும் ரெண்டு தான் வித்தியாசம். ஒண்ணு கூட மாறல்ல.” முதல் தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். “இது கம்ப்யூட்டர்ல இல்லல்லோ. சார் பிறகு சேர்த்ததல்லே?”

படத்திலிருந்து பாலையா தலைப்பாகையோடு பார்த்தார். சீட்டுக் காலத்தில் எண் போட்ட தாளைப் பார்த்தே சொல்லடைவு எழுதினார்கள். அப்பா தாமாகவே கணக்கில் வந்துவிடுவார். டப்பாவிடம் அவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பைண்டர்களில் ஒருவன் இருமலை அடக்கினான்.

அப்போது இன்ஜினீயர் உள்ளே வந்தார். விரித்துக் கிடந்த புத்தகங்களைப் பார்த்து, என்ன என்றார்.

“மிஷின்ல ஒரு சின்னத் தப்பு சார். சொல்லடைவு எண் எல்லாம் ரெண்டு குறையுது,” என்றான் செல்லதுரை.

அந்த இரக்கம் இசக்கிமுத்துவைச் சுட்டது. நேற்று வந்த பயல் போடும் பிச்சையிலா பாலையாவின் மானம் நிற்க வேண்டும்?

“மிஷின் தப்புப் பண்ணல,” என்றார் அவர். “அந்த அளவுக்கு அதுக்கு மூளை கிடையாது. எங்கப்பாவோட தாளைச் சேத்து நம்பர் போட்டது நான். அதை இவங்ககிட்டச் சொல்லாததும் நான். பாலையா மவன் தன் தப்ப ஒரு தகர டப்பா தலையில கட்ட மாட்டான்.”

இன்ஜினீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பரவாயில்லை. எண்ணோடு இரண்டைக் கூட்டிக்கொள்ளவும் என்று ஒரு சீட்டு அடிச்சு ஒட்டிடுங்க. போதும்.”

“கேஸ் கசியும்போது உம்ம ஆளு நின்னு கூட்டிப் பாப்பானா? இன்ஜினீயர்னு சொன்னாங்க.” இசக்கிமுத்து புத்தகத்தை மூடினார். “மூணு நாள் கழிச்சு வாரும்.”

சிவராமகிருஷ்ணன் படி இறங்கிப் போனபின், மருமகன் பக்கம் திரும்பாமலே கேட்டார்: “திருப்பிச் செய்ய எம்புட்டு நேரம்?”

“மூணாம் பக்கத்துல ஆரம்பின்னு ஒரு வரி அடிச்சா போதும் மாமா. பழைய நாப்பது நிமிஷம்தான். சொல்லடைவத் தனியா அடிச்சு மாத்திரலாம். அட்டையத்தான் பிரிக்கணும்.”

“பிரிங்க,” என்றார் பைண்டர்களிடம். நூறு செட், நானூறு புத்தகம். யாரும் முணுமுணுக்கவில்லை.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, மூன்று மாதத்தில் முதல் முறையாக டப்பாவுக்கு முன்னால், முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

“அடிங்க மாப்ள. எங்கப்பாவச் சேத்து எண்ணச் சொல்லுங்க. நான் பாக்கணும்.”