போட்டோவுக்கு இடைஞ்சல்

ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சங்கத்துக்காரர்கள் இந்த வருடமும் பையோடு வந்து நின்றார்கள். போன வருடம் கொடுத்த பையில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன்.

பை இல்லாமலா என் மகள் பள்ளிக்கூடம் போகவில்லை? நான் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போனால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளை விட்டால் ஆளில்லை. சங்கக் கட்டடம் பகலெல்லாம் பூட்டித்தானே கிடக்கிறது, அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டாயிற்று.

“அது பெரிய பொறுப்பும்மா. கமிட்டியில பேசணும்,” என்றார் தலைவர். “முதல்ல போட்டோ எடுத்துடலாம். பாப்பா, பையை மாட்டிக்கோ.”

இடுப்பில் தம்பி இருந்ததால் மகளுக்குப் பை தோளில் ஏறவில்லை.

தலைவர் முகத்தைச் சுளித்தார். “குழந்தை இருந்தா போட்டோ நல்லா வராது. யாராவது கொஞ்சம் வாங்கிக்கோங்க.”

உடனே அத்தனை பேரும் கை நீட்டினார்கள். செயலாளர் அம்மா வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். அவனும் சமர்த்தாகச் சாய்ந்துகொண்டான்.

போட்டோ எடுத்து முடித்ததும் அந்த அம்மா குழந்தையை நீட்டினார். நான் கை நீட்டவில்லை.

“அப்படியே வெச்சிருங்கம்மா. ஸ்கூல் விட்டதும் வந்து வாங்கிக்குவா,” என்றேன்.

மகளிடம் திரும்பினேன். “செருப்பைப் போடுடி.”